எட்டரை லட்சத்துக்கு பி.எம்.டபிள்யூ: வாங்கிய பிறகு ஆகும் செலவு

கேள்வி: திருமங்கலத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். வீட்டில் இரண்டு பைக்தான், இதுவரை கார் கிடையாது. மதுரை ரிங் ரோடு பக்கம் ஒரு புரோக்கரிடம் 2013 மாடல் பி.எம்.டபிள்யூ 320டி வந்திருக்கிறது. சென்னைப் பதிவு, மூன்றாவது ஓனர், மீட்டரில் 92,000 கி.மீ. விலை 8.5 லட்சம் சொல்கிறார். 60,000 கி.மீ. வரை கம்பெனி சர்வீஸ் புத்தகம் இருக்கிறது. அதற்குப் பிறகு வெளியே பார்த்ததாகச் சொல்கிறார்கள், பில் இல்லை. என் கையில் 6.5 லட்சம் இருக்கிறது, மீதி 2 லட்சத்துக்கு நகைக்கடன் போடலாம் என்று நினைக்கிறேன். மாதம் 1,000 கி.மீ. ஓடும், பெரும்பாலும் திருமங்கலம் - மதுரை, எப்போதாவது சென்னை, திருப்பூர். வண்டி பளபளவென்று இருக்கிறது. காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் கொஞ்சம் கரகரவென்று சத்தம் வருகிறது. ‘டீசல் வண்டின்னா அப்படித்தான்’ என்கிறார் புரோக்கர். ‘அதே காசுக்குப் புது ஸ்விஃப்ட் எடுங்க மாமா’ என்கிறார் மைத்துனர். மாதம் எவ்வளவு எடுத்து வைக்க வேண்டும்? வாங்கலாமா?

பதில்: முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வண்டியை இந்த விலைக்கு, நகையை அடகு வைத்து வாங்காதீர்கள். பழைய பி.எம்.டபிள்யூ வாங்குவதே தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். நன்றாகப் பராமரித்த 320டி இன்றைக்கும் ஓட்ட அருமையான வண்டி. நான்கு வழிச்சாலையில் சென்னை போய் இறங்கினால் இடுப்பு வலிக்காது. ஆனால் உங்கள் கடிதத்தில் மூன்று விஷயங்கள் கவலை தருகின்றன. காலை ஸ்டார்ட்டில் வரும் சத்தம், 60,000-க்குப் பிறகு பில் இல்லாதது, வாங்கிய மறுநாள் கையில் ஒரு ரூபாயும் மிஞ்சாதது. இந்த மூன்றும் சேர்ந்தால் முதல் வருடத்திலேயே வண்டி பட்டறையில் நிற்கும், கடன் வட்டி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

புதிதாக வந்தபோது இந்த வண்டி முப்பது லட்சத்தைத் தாண்டும். இன்று எட்டரைக்கு வந்துவிட்டது. குறைந்தது வண்டியின் விலை மட்டும்தான். அதன் ஹெட்லைட், டர்போ, இன்ஜெக்டர், கியர்பாக்ஸ் எதுவும் பழைய வண்டிக்கு என்று மலிவாகக் கிடைப்பதில்லை. முப்பது லட்ச ரூபாய் வண்டிக்கு உண்டான ஸ்பேர் விலையை எட்டரை லட்ச ரூபாய்க்கு வாங்கியவர் கட்டுகிறார். உங்களுக்கு முன் மூன்று பேர் கை மாறியதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம். ஒரு பெரிய செலவு தலைக்கு மேல் வரும்போது விற்றுவிடுவார்கள், அந்தச் செலவு அடுத்தவர் தலையில் இறங்கும். பில் இல்லாத 32,000 கி.மீ.-ஐ அந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும்.

இனி அந்தச் சத்தம். 2013 320டி-யில் இருப்பது என்47 என்ற 1,995 சி.சி. டீசல் இன்ஜின். இதில் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் டைமிங் செயின் இன்ஜினின் முன்பக்கம் இல்லை, கியர்பாக்ஸ் ஒட்டும் பின்பக்கம் இருக்கிறது. செயின் தளர்ந்தாலோ, அதைத் தாங்கும் பிளாஸ்டிக் கைடு தேய்ந்தாலோ, பின்பக்கத்தில் இருந்து கரகர என்று உரசுகிற சத்தம் வரும். 2007 முதல் 2011 வரை வந்த என்47-களில் இந்தக் கோளாறு மிக அதிகம். பிறகு வந்தவற்றில் குறைவு, ஆனால் இல்லை என்று ஆகிவிடவில்லை. ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போட்ட வண்டியில் எந்த வருட மாடலாக இருந்தாலும் வரும். செயின் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். அதற்குப் பிறகு ஹெட் வேலையில் முடியாது, இன்ஜினையே பிரிக்க வேண்டும் அல்லது வேறு இன்ஜின் தேட வேண்டும். அந்தச் செலவு வண்டி விலையில் பாதியைத் தொடும்.

டீசல் வண்டி என்றால் சத்தம் இருக்கும் என்பது உண்மைதான், ஆனால் இரண்டு சத்தமும் ஒன்றல்ல. இப்படிப் பாருங்கள். முந்தின இரவே வண்டியை எடுக்கக் கூடாது என்று புரோக்கரிடம் சொல்லிவிட்டுக் காலையில் போங்கள். பானெட்டைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் உங்களுக்கு முன்பே ஸ்டார்ட் செய்து வைத்துவிட்டார்கள் என்று பொருள். இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடலாம். பானெட்டைத் திறந்துவிட்டு ஒருவர் ஸ்டார்ட் செய்யட்டும். நீங்கள் முன்னால் கிரில் பக்கம் நிற்காமல், வைப்பர் பக்கமாகக் காதைக் கொண்டு போங்கள். முதல் ஐந்து நொடிதான் முக்கியம். இன்ஜெக்டர் சத்தம் மேலிருந்து ‘டக் டக்’ என்று ஒரே சீராக வரும், சூடானாலும் இருக்கும். செயின் சத்தம் பின்னாலிருந்து, கீழ்ப்பக்கமாக, சங்கிலியைத் தகரத்தில் இழுக்கிற மாதிரி வரும். அப்புறம் ஆக்சிலரேட்டரை 1,500-க்கும் 2,000 ஆர்.பி.எம்.-க்கும் நடுவே பிடித்து நிறுத்தச் சொல்லுங்கள். மெக்கானிக்கிடம் ஸ்டெதஸ்கோப் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை இன்ஜின் பிளாக்கில் வைத்துக் கைப்பிடியைக் காதில் அழுத்திக் கேட்கலாம். முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் உரசல் கூடுதலாகக் கேட்டால் சந்தேகம் பலமாகிறது. கடைசியாக ஆயில் ஃபில்டர். இது உள்ளே காகித மடிப்போடு தனியாகக் கழற்றும் வகை. கழற்றி மடிப்புகளை விரித்து டார்ச் அடியுங்கள். கைடு உடைந்திருந்தால் பிளாஸ்டிக் துணுக்குகள் அங்கே கிடக்கும். விற்பவர் ஃபில்டரைத் திறக்கவே விடமாட்டேன் என்றால் பேச்சை அத்தோடு முடித்துக்கொள்ளலாம்.

சத்தம் செயின்தான் என்று உறுதியானால் செலவு என்ன? செயின், டென்ஷனர், கைடுகள் எல்லாம் சேர்ந்த கிட்டைப் போட கியர்பாக்ஸை இறக்கியாக வேண்டும், சில பட்டறைகளில் இன்ஜினையே வெளியே எடுத்துப் பார்ப்பார்கள். வெளிப் பட்டறையில் ஒரு லட்சம் முதல் ஒன்றரை லட்சம் வரை ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனி சர்வீஸில் இன்னும் கூடும். ‘ஆயில் மாத்தினா சரியாயிடும்’, ‘கெட்டி ஆயில் ஊத்தினா சத்தம் போயிடும்’ என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். கெட்டி ஆயில் சத்தத்தைக் கொஞ்ச நாள் மறைக்கும், தேய்மானத்தை நிறுத்தாது.

அடுத்தது கியர்பாக்ஸ். இது ஜெட்.எஃப். கம்பெனியின் 8 ஸ்பீடு ஆட்டோமேட்டிக். மிக நல்ல கியர்பாக்ஸ், தானாகக் கெட்டுப்போகிற ஜாதி இல்லை. ஆனால் வண்டிக் கம்பெனி ‘ஆயுள் முழுக்க ஆயில் மாற்ற வேண்டாம்’ என்று சொன்னதை நம்பிப் பல ஓனர்கள் தொடவே இல்லை. கியர்பாக்ஸ் செய்த ஜெட்.எஃப். கம்பெனியோ 80,000 முதல் 1,20,000 கி.மீ.-க்குள் அல்லது 8 வருடத்துக்குள் மாற்றச் சொல்கிறது. நீங்கள் பார்க்கும் வண்டி 12 வருடத்தைத் தாண்டியது. மதுரை வெயிலில், காளவாசல், பெரியார் நிலையம் மாதிரி இடங்களில் ஊர்ந்து ஊர்ந்து போனதெல்லாம் அந்த ஆயிலைத்தான் வேக வைத்திருக்கும்.

இந்த வேலையில் செய்யும் தப்புகளும் நிறைய. ஆயில் பேன் பிளாஸ்டிக், ஃபில்டர் அதனுள்ளேயே ஒட்டி வரும். ஃபில்டரை மட்டும் தனியாக மாற்ற முடியாது, பேனோடு மாற்ற வேண்டும். பழைய பேனையே கழுவிப் போட்டேன் என்றால் வேலை நடக்கவில்லை. ஆயில் ஜெட்.எஃப். லைஃப்கார்டு 8, அல்லது அதற்கு நிகராக அங்கீகரித்த ஆயில். கடையில் கிடைக்கும் சாதாரண ஆட்டோமேட்டிக் கியர் ஆயில் (ஏ.டி.எஃப்.) ஊற்றினால் கிளட்ச் பிடிப்பு மாறிவிடும். அளவு பார்ப்பதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். இதில் டிப் ஸ்டிக் கிடையாது. வண்டியை லிஃப்டில் மட்டமாகத் தூக்கி, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஒவ்வொரு கியருக்கும் போய் வந்து, ஆயில் சூடு 30 முதல் 50 டிகிரிக்குள் இருக்கும்போது பக்கவாட்டில் இருக்கும் பிளக் வழியே வழியும் வரை நிரப்ப வேண்டும். சூட்டை ஸ்கேனரில் பார்த்துக்கொண்டே செய்கிற பட்டறையில்தான் கொடுக்க வேண்டும். பேன், ஆயில், கூலி சேர்த்து 40,000 - 50,000. ஓட்டிப் பார்க்கும்போது டி-யில் (முன்னோக்கி) இருந்து ஆர்-க்குப் (ரிவர்ஸ்) போட்டால் ஒரு நொடிக்கு மேல் தாமதம், இடி மாதிரி ஒரு தட்டு, மெதுவாகப் போகையில் 2-3 கியர் மாறும்போது உதறல், இதில் எது இருந்தாலும் ஆயில் மாற்றிச் சரியாகும் என்று நம்பி வாங்காதீர்கள்.

டயரைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. இந்த வண்டிகளில் பெரும்பாலும் ரன்ஃபிளாட் டயர், 225/50 ஆர்17 அல்லது 225/45 ஆர்18. காற்று போனாலும் 80 கி.மீ. வேகத்துக்குள் 80 கி.மீ. வரை ஓடும். அதற்காகப் பக்கச்சுவர் மிகத் தடிமனாக இருக்கும். விளைவு, நம் ஊர்ச் சாலைப் பள்ளத்தில் விழுந்தால் டயர் வளைந்து கொடுக்காது; பக்கச்சுவர் புடைக்கும், அல்லது அலாய் ரிம்மில் விரிசல் விழும். ஒரு டயர் 15,000 முதல் 20,000 வரை. பைக் பஞ்சர் கடையில் இதைக் கழற்ற முடியாது, அதற்கேற்ற மெஷின் உள்ள கடை வேண்டும். சாதாரண டயர் போட்டுக்கொள்ளலாம், சவாரியும் மெத்தென்று ஆகும். ஆனால் நான்கையும் ஒன்றாக மாற்ற வேண்டும், ஸ்டெப்னி இல்லாத வண்டியாக இருந்தால் பஞ்சர் கிட்டும் காற்றடிக்கும் பம்பும் எப்போதும் டிக்கியில் இருக்க வேண்டும். பார்க்கப் போகும்போது டயரின் பட்டன் ஆழத்தை மட்டும் பார்க்காதீர்கள். பக்கச்சுவரில் முட்டை வடிவக் கட்டத்துக்குள் நான்கு எண்கள் இருக்கும். 2318 என்றிருந்தால் 2018-ஆம் வருடம் 23-ஆவது வாரம் செய்தது. ஆறு வருடத்தைத் தாண்டியிருந்தால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் நான்கு டயர் விலையை வண்டி விலையில் கழித்துப் பேசுங்கள்.

பேட்டரி டிக்கிக்குள் இருக்கும். ஏ.ஜி.எம். என்ற அமிலம் சிந்தாத வகை, 80 அல்லது 90 ஆம்பியர்-ஹவர். 20,000-ஐத் தாண்டும். சாதாரண பேட்டரி போட்டுவிட்டு ‘ஓடுதுல்ல’ என்பவர்கள் உண்டு. இந்த வண்டி பேட்டரியின் வயதைக் கணக்கு வைத்துக்கொண்டுதான் சார்ஜ் செய்கிறது. புதியதை மாட்டியதும் ஸ்கேனரில் பதிவு செய்யாவிட்டால் பழைய பேட்டரிக்குச் செய்த மாதிரியே செய்து புதியதையும் சீக்கிரம் கொன்றுவிடும்.

சஸ்பென்ஷனில் முன்பக்க ஆர்ம்களின் புஷ்கள் முதலில் போகும். ஹைட்ராலிக் புஷ் என்பதால் உள்ளே இருக்கும் எண்ணெய் கசிந்து கறையாகத் தெரியும். பிரேக் பிடிக்கும்போது ஸ்டீயரிங் ஆடும். புஷ், ஆர்ம், லிங்க், ஷாக் அப்சார்பர் என்று முழுக்கச் செய்தால் 60,000 - 80,000. பிரேக் பேடோடு தேய்மான சென்சார் வயரும் ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டும்.

இன்ஜினில் இன்னும் சில இடங்கள். பெல்ட்டைச் சுழற்றும் கிராங்க் புல்லியின் நடுவே ரப்பர் வளையம் இருக்கும். டார்ச் அடித்துப் பாருங்கள், வெடிப்பு இருந்தால் உடனே மாற்ற வேண்டும். அது பிரிந்தால் பெல்ட் அறுந்து கிராங்க் சீலுக்குள் சிக்கிக்கொள்ளும். இன்ஜினுக்குள் திருப்பி அனுப்பும் புகையைக் குளிர்விக்கும் ஈ.ஜி.ஆர். கூலரில் கூலன்ட் கசிந்து தீப்பிடித்த சம்பவங்களால் 2018-ல் தென்கொரியாவிலும் ஐரோப்பாவிலும் பி.எம்.டபிள்யூ டீசல் வண்டிகளைப் பெருமளவில் திரும்ப அழைத்தார்கள். உங்கள் வண்டியின் சேசிஸ் எண்ணைக் கம்பெனி சர்வீஸ் சென்டரில் கொடுத்து, திரும்ப அழைப்பு வேலை ஏதும் பாக்கி இருக்கிறதா என்று கேளுங்கள். அதற்குப் பணம் வாங்க மாட்டார்கள். கூலன்ட் அடிக்கடி குறைகிற வண்டியாக இருந்தால் இதைக் கேட்காமல் விடவே கூடாது. புகையில் உள்ள கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். ஃபில்டர் உள்ள வண்டியானால் ஊருக்குள்ளேயே ஓட்டிக்கொண்டிருந்தால் அடைத்துக்கொள்ளும். வாரம் ஒருமுறை விருதுநகர் வரை நான்கு வழிச்சாலையில் ஒரே சீராக அரை மணி ஓட்டினால் தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். உங்கள் ஓட்டத்துக்கு இது பெரிய பிரச்சினை ஆகாது.

இப்போது நீங்கள் கேட்ட மாதக் கணக்கு. வருடம் 12,000 கி.மீ. ஓட்டம். இன்ஜின் ஆயில் 5.2 லிட்டர், பி.எம்.டபிள்யூ-வின் எல்.எல்.-04 அங்கீகாரம் உள்ள 5டபிள்யூ-30. வண்டியின் கம்ப்யூட்டர் 20,000-க்கு மேல் போகலாம் என்று காட்டினாலும், மேலே சொன்ன செயினுக்காக 10,000 கி.மீ. அல்லது ஒரு வருடம், எது முதலோ அப்போது மாற்றுங்கள். ஃபில்டர்களோடு சேர்த்து வருடத்துக்கு 18,000. இன்சூரன்ஸ் 23,000. டயர் 40,000 கி.மீ. வரும் என்று பிரித்தால் வருடத்துக்கு 19,000. பிரேக் பேடு, டிஸ்க் சராசரி 11,000. சஸ்பென்ஷன் நான்கு வருடத்துக்கு ஒருமுறை என்று 18,000. பேட்டரிக்கு 5,000, கியர் ஆயிலுக்கு 8,000. மொத்தம் 1,02,000, மாதம் 8,500. இதில் டீசல் இல்லை. ஊருக்குள்ளும் வெளியிலும் சராசரி லிட்டருக்கு 14 கி.மீ. என்று வைத்தால், லிட்டர் 92 ரூபாய் சுமாருக்கு, வருடம் 79,000. எல்லாம் சேர்ந்து மாதம் 15,000. இது எதுவும் உடையாத வருடத்துக் கணக்கு என்பதை மறக்காதீர்கள். ஒரு இன்ஜெக்டர் 30,000-ஐத் தாண்டும், நான்கு இருக்கின்றன. டர்போ ஒன்றரை லட்சம் அளவில் வரும். இவற்றை மாதக் கணக்கில் அடக்க முடியாது, அதற்கென்று வாங்குகிற அன்றே இரண்டரை, மூன்று லட்சம் தனியாக வங்கியில் இருக்க வேண்டும். உங்களிடம் இல்லாதது அதுதான்.

இன்சூரன்ஸைப் பற்றி இன்னும் கொஞ்சம். 1,500 சி.சி.-க்கு மேற்பட்ட காருக்குத் தேர்டு பார்ட்டி மட்டும் ரூ.7,897, ஜி.எஸ்.டி. சேர்த்து 9,318. ஸ்விஃப்ட் மாதிரி 1,500-க்குள் இருக்கும் வண்டிக்கு வரிக்கு முன் 3,416 தான். அதைவிட முக்கியம், பத்து வருடத்தைத் தாண்டிய வண்டிக்கு பம்பர் டு பம்பர் (தேய்மானம் கழிக்காத பாலிசி) கிடைப்பது அரிது. சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு 50% கழிப்பார்கள். பத்து வருடத்துக்கு மேல் இரும்புப் பாகங்களுக்கும் 50%. கப்பலூர் டோல்கேட் வரிசையில் பின்னால் வந்தவர் இடித்து 40,000 ரூபாய் பம்பர் போனால் 20,000 உங்கள் கையில் இருந்து, அதோடு கட்டாயக் கழிவு 2,000. கண்ணாடிக்கு மட்டும் இந்தத் தேய்மானக் கழிப்பு இல்லை. பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது. அது ஆளுக்கு உரியது, வண்டிக்கு அல்ல.

எந்தப் பழைய வண்டி வாங்கினாலும் பணம் கொடுக்கும் முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பி.எம்.டபிள்யூ-க்கான ஸ்கேனர் உள்ள பட்டறையில் லிஃப்டில் ஏற்றி முழுப் பரிசோதனை. 3,000 - 5,000 வாங்குவார்கள், மனமாரக் கொடுங்கள். பொது ஸ்கேனர் இன்ஜினை மட்டும் படிக்கும், வண்டியில் உள்ள குட்டிக் கம்ப்யூட்டர்களான எல்லா மாட்யூலையும் படிக்கிற கருவி வேண்டும். விளக்கு எதுவும் எரியவில்லை என்பது ஒன்றையும் காட்டாது, பார்க்க வரும் முன் கம்ப்யூட்டரில் பதிந்த பிழைக் குறியீடுகளை அழித்திருக்கலாம். ஓடிய கிலோமீட்டர் மீட்டரில் மட்டும் பதிவதில்லை, வேறு மாட்யூல்களிலும் சாவியிலும்கூடப் பதிந்திருக்கும். மீட்டரில் 92,000, இன்னொன்றில் 1,60,000 என்றால் விஷயம் தெரிந்துவிடும். டிரைவர் சீட்டின் கதவுப் பக்க விளிம்பு, பிரேக் பெடல் ரப்பர், ஸ்டீயரிங் தோல் மூன்றும் 92,000-க்கு இவ்வளவு தேயாது என்று தோன்றினால் சந்தேகப்படுங்கள்.

சென்னை வண்டி என்பதால் வெள்ளத்தையும் சொல்ல வேண்டும். 2015 டிசம்பர், 2023 டிசம்பர் இரண்டு வெள்ளத்திலும் மூழ்கிய கார்கள் கழுவித் துடைத்துத் தெற்கே வந்தன. 2023 டிசம்பரில் திருநெல்வேலி, தூத்துக்குடியிலும் அதே நிலைதான். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், அடிப்பகுதியில் மண் கோடு இருக்கும். சீட் ரெயிலின் போல்ட்டுகளில் துரு, டிக்கியின் அடிப்பலகையைத் தூக்கினால் ஓரத்தில் சேறு. இந்த வண்டியில் பேட்டரியும் சில மாட்யூல்களும் டிக்கியில்தான் இருக்கின்றன. அங்கே தண்ணீர் நின்ற வண்டி இரண்டு வருடத்துக்கு ஒவ்வொன்றாக வேலை வைக்கும்.

ஆவணங்களில், ஆர்.சி.-யில் கடன் பதிவு இருந்தால் வங்கியின் என்.ஓ.சி.-யும் படிவம் 35-ம் வாங்கி ரத்து செய்த பிறகே பணம். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-ல் ஆர்.சி.-யில் பெயர் உள்ளவரின் கையெழுத்து வேண்டும். புரோக்கர் கையெழுத்து செல்லாது. சென்னைப் பதிவு என்பதால் சாலை வரி பிரச்சினை உங்களுக்கு இல்லை. டெல்லியில் பத்து வருட டீசல் வண்டிகளுக்கு வந்த தடையால் அங்கிருந்து மலிவாக வரும் கார்களைப் பார்க்கிற வாசகர்கள், தமிழ்நாட்டு ஆயுள் வரியை இங்கே மறுபடி கட்ட வேண்டும் என்பதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, 2013-ல் பதிவான வண்டியின் ஆர்.சி. 2028-ல் காலாவதி. அப்போது எஃப்.சி. பரிசோதனை, 5,000 ரூபாய் புதுப்பிப்புக் கட்டணம், பசுமை வரி. செலவு பெரிதல்ல, ஆனால் அந்தத் தேதி நெருங்க நெருங்க வாங்க ஆள் குறையும். மூன்று வருடம் ஓட்டிவிட்டு விற்கலாம் என்று நினைத்தால் சரியாக அந்த நேரத்தில்தான் விற்கப் போவீர்கள்.

ஸ்பேரில் மிச்சம் பிடிக்க வழி இருக்கிறது. வண்டிக் கம்பெனி பெட்டியில் வரும் பல பாகங்களைச் செய்பவர்கள் வேறு கம்பெனிகள்: சஸ்பென்ஷனில் லெம்ஃபோர்டர், ஷாக்கில் சாக்ஸ், ஃபில்டரில் மான், மாலே, இன்ஜெக்டரில் போஷ். அதே பாகம் அவர்கள் பெட்டியில் வாங்கினால் பல நேரம் கணிசமாகக் குறையும். சேசிஸ் எண்ணின் கடைசி ஏழு இலக்கத்தைக் கொடுத்தே ஆர்டர் செய்யுங்கள். மாடல், வருடம் சொல்லி வாங்கினால் பொருந்தாது. சென்னை புதுப்பேட்டையில் கழற்றிய பாகங்கள் கிடைக்கும். கதவு, டெயில் லேம்ப், உள் டிரிம் எடுக்கலாம். பிரேக், ஸ்டீயரிங், சஸ்பென்ஷன், ஏர்பேக் அங்கே எடுக்காதீர்கள்.

சரி, எப்போது வாங்கலாம்? ஃபில்டரும் ஸ்டெதஸ்கோப்பும் செயின் நன்றாக இருக்கிறது என்று காட்ட வேண்டும். 60,000-க்குப் பிறகு எந்தப் பட்டறையில் பார்த்தார்கள் என்று கேட்டு, அங்கே போய் நேரில் விசாரித்து நம்பிக்கை வர வேண்டும். விலை ஐந்தரை லட்சத்துக்குள் இறங்க வேண்டும். அப்போது 6.5 லட்சத்தில் மீதி ஒரு லட்சத்தை எல்லா ஆயிலும், கூலன்ட்டும், பிரேக் ஆயிலும், கியர்பாக்ஸ் பேனும் ஒன்றாக மாற்றும் முதல் சர்வீஸுக்குச் செலவிடலாம். வங்கியில் தனியாக இருக்க வேண்டிய பணத்துக்குப் பதிலாக, நகைக்கடன் என்று யோசித்த நகை அவசரத்துக்கு வீட்டில் இருக்கும். அதற்கு மேல் ஒரு ரூபாயும் கூட்டாதீர்கள். செயின் சத்தம் உறுதியானால் அந்த ஐந்தரையிலும் ஒன்றரை லட்சம் குறைத்துக் கேளுங்கள். புரோக்கர் சிரித்தால் சிரிக்கட்டும். வாங்கிவிட்டால் 14 நாளுக்குள் இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் பெயர் மாற்ற எழுதிக் கொடுங்கள். பிந்தினால் சொந்தச் சேதத்துக்கு கிளெய்ம் கிடைக்காது.

முதல் கார், வீட்டுக்கு ஒரே கார் என்பதால் உங்களுக்கு நான் இன்னொன்றைப் பார்க்கச் சொல்வேன். சொகுசாகவும் இருக்க வேண்டும், பட்டறையிலும் நிற்கக் கூடாது என்றால் 2014-15 டொயோட்டா கொரோலா ஆல்டிஸ் 1.8 பெட்ரோல். லிட்டருக்கு 12 கி.மீ. போலத்தான் தரும், தேர்டு பார்ட்டி கட்டணமும் அதே 7,897. ஆனால் இன்ஜினுக்கு இப்படிக் காது கொடுக்க வேண்டியதில்லை, ஸ்பேர் மதுரையிலேயே கிடைக்கும். பார்க்க வேண்டியவை வாட்டர் பம்ப் கசிவு, ஆட்டோமேட்டிக் என்றால் சி.வி.டி. கியர்பாக்ஸ் ஆயில் எப்போது மாற்றினார்கள் என்பது. 2023-க்கு முந்தின பெட்ரோல் வண்டியின் ரப்பர் பாகங்கள் 20% எத்தனால் கலந்த பெட்ரோலுக்கென்று செய்யப்பட்டவை அல்ல. அதனால் ஃப்யூல் ஹோஸை வருடம் ஒருமுறை விரலால் அமுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள், பிசுபிசுத்தாலோ வெடித்திருந்தாலோ மாற்றிவிடுங்கள். புது ஸ்விஃப்ட் என்று மைத்துனர் சொல்வதும் நல்ல யோசனைதான், ஆனால் அதற்கும் அந்த இரண்டு லட்சம் கடன் வேண்டும். அப்படி முடிவானால் நகையை வைக்காமல் வங்கி வாகனக் கடனாக எடுங்கள்.